சிலோன் பக்கம் ஒரு படம்

1969-ஆம் வருஷம், பிப்ரவரி மாதம். கொடைக்கானல். சீசன் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கடைத்தெருவில் பாதிக் கடைகள் வெயில் ஏறிய பிறகுதான் திறக்கும். அந்தத் தெருவின் இறக்கத்தில் எங்கள் போட்டோ ஸ்டுடியோ இருந்தது. முன்னால் ஒரு அறை, அதற்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த அறை, கடைசியில் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைதான் என் இடம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

படம் எடுப்பது என் வீட்டுக்காரர், கழுவுவது நான். ஃபிலிம் கழுவும் மருந்து அவர் கைக்கு ஒத்துக்கொள்ளாது. தொட்டால் விரல் நுனியெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். கல்யாணமான ஆறாவது மாதமே அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். போகப் போக அவரைவிட எனக்குத்தான் அது பிடித்துப்போனது.

கல்யாணம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பழனிக்காரி. மலையடிவாரத்தில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. பங்குனி உத்திரத்துக்குக் காவடிகளைப் படம் பிடிக்க வந்தவர் எங்கள் கடை வாசலில் நிழலுக்கு ஒதுங்கினார். அப்படித்தான் பழக்கம். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா? அப்பா சத்தம்கூடப் போடவில்லை. இனி இந்த வாசலில் கால் வைக்காதே என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் கிளம்பி வந்துவிட்டேன். வந்து இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. மூன்றாவது கடிதம் எழுத எனக்கு வீம்பு இடம் கொடுக்கவில்லை. கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாமல் எப்படிப் போவது என்று மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன்.

அந்த வருஷப் பொங்கலுக்கு முன்னால், ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைவிட்டே கிளம்பினார். போகும்போது மிச்சமிருந்த நான்கு ஃபிலிம் சுருளை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்ஃப்ரா ரெட் ஃபிலிம். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டிருந்தோமே தவிர கண்ணால் பார்த்ததில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறதாம், அது இந்த ஃபிலிமில் மட்டும் பதியுமாம். கேமராவில் போடுவதே இருட்டில்தான் போட வேண்டும். லென்ஸுக்கு முன்னால் கருஞ்சிவப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். அதற்குள் பார்த்தால் நமக்கு ஒன்றுமே தெரியாது. சூடு பட்டால் ஃபிலிம் கெட்டுவிடும் என்றார். கொடைக்கானலில் அந்தக் கவலை இல்லை.

முதல் சுருளைக் கெடுத்தவள் நான்தான். படம் பிரிண்ட் போடும்போது சிவப்பு விளக்கு எரிவது பழக்கம். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய் ஸ்விட்சைத் தட்டிவிட்டது. சுருள் முழுக்க ஒரே கறுப்பு. மறுநாள் என் வீட்டுக்காரர் அந்த விளக்கின் பல்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இரண்டாவது சுருளில் ஏரியைச் சுற்றி எடுத்தார். படம் வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மரமெல்லாம் பனி கொட்டினாற்போல் வெள்ளை. புல்லும் வெள்ளை. வானமும் தண்ணீரும் கன்னங்கரேல் என்று கிடந்தன. கொடைக்கானலில் எப்போது ஸ்நோ விழுந்தது என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள்.

மூன்றாவது சுருளைப் போட்டுக்கொண்டு ஒருநாள் என்னையும் வில்பட்டிப் பக்கம் கூட்டிப்போனார். எதற்கு என்று சொல்லவில்லை. ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் ஸ்டாண்டை நிறுத்தி, பழைய சாமானாக வாங்கிவைத்திருந்த நீள லென்ஸை மாட்டி, வடக்கே திருப்பினார். கீழே சமவெளி முழுக்கப் புழுதியும் வெயிலும் கலந்து புகை மாதிரி கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. பழனி அந்தப் பக்கம்தான் என்றார்.

அன்று கழுவும்போது விளக்கும் கிடையாது, கடிகாரமும் தெரியாது. எண்ணித்தான் நேரம் பார்க்க வேண்டும். மருந்தில் ஃபிலிமின் இரண்டு நுனியையும் பிடித்து ஏற்றி இறக்கிக்கொண்டே, பழனி மலைப் படிகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக ஏறினேன். அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று படி. ஏறி முடித்தால் பதினொன்றரை நிமிஷம் ஆகியிருக்கும், சின்ன வயசிலிருந்து தெரிந்த கணக்கு. பிறகு ஃபிலிமை அலசி வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணுக்குத் தெரியாத பழனி அதில் இருந்தது. வயல் நடுவே மலை, உச்சியில் கோயில், அடிவாரத்தில் குளம். எங்கள் கடை அந்தக் குளத்துக்கும் மலைக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் அரிசி அளவு கூட இல்லாத ஒரு புள்ளிக் கூட்டம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டுவது ஃபிலிமா என் கண்ணா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கடைக்குள் மாட்டினார். தினமும் காலையில் துடைக்கிற சாக்கில் அதன் முன்னால் நிற்பேன். ஊருக்குப் போய்வந்தது மாதிரி இருக்கும் என்று அவரிடம் சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சிலோனிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டு வந்த குடும்பங்கள் சில அட்டுவம்பட்டிப் பக்கம் குடிசை போட்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகக் காட்டில் மரக்கன்று நடும் கூலிக்குப் போவார்கள். அந்த அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். சிலோனில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார். எடுத்து முடித்ததும் சட்டத்தில் இருந்த பழனிப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். நான் பெருமையாக எல்லாம் சொன்னேன். இது கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கிற ஃபிலிம், அந்த மேட்டிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, ஃபிலிமுக்கு மட்டும் தெரியும் என்று. சொல்லும்போது அது எங்கே போய் முடியும் என்று நான் யோசிக்கவில்லை.

போட்டோவை வாங்க அடுத்த வாரம் வந்தபோது அந்த அம்மா போகாமல் தயங்கி நின்றார். பிறகு கேட்டார்.

"தங்கச்சி, அந்த ஃபிலிம வெச்சு சிலோன் பக்கம் ஒண்ணு எடுக்க ஏலுமா?"

எனக்குப் பூகோளமெல்லாம் அவ்வளவு தெரியாது. கொடைக்கானல் உயரம், சிலோனிலும் மலை உயரம், நடுவில் கடல் தட்டையாகத்தானே கிடக்கிறது என்று நினைத்தேன். எடுத்துப் பார்ப்போமே என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் வந்த மாறுதலைப் பார்த்த பிறகு அந்த வார்த்தையை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

அன்று நிறைய பேசினார். சின்ன வயசிலேயே அம்மா இறந்துபோக, இவரை வளர்த்தது அக்காதானாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. யார் எந்த நாட்டுப் பிரஜை என்று இரண்டு சர்க்காரும் பிரித்தபோது, அக்காவின் புருஷனுக்குச் சிலோன் பிரஜை என்று எழுத்து வந்தது. இவர்களுக்கு இந்தியா என்று வந்தது. இவர் பிறந்ததும் அங்கேதான், இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. கிளம்பும் நாளில் அக்கா ரயிலடிவரை வந்து, பிளாட்பாரத்தில் இவரைக் கீழே உட்காரவைத்து, தலையை அவிழ்த்துச் சீவிப் பின்னிவிட்டதாம். அத்தனை ஜனமும் அழுகிற இடத்தில் அக்கா மட்டும் அழாமல் பின்னியதாம். ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் நாலு நாள் கழித்துத்தான் அந்தப் பின்னலை அவிழ்த்ததாகச் சொன்னார். இதைச் சொல்லும்போது அவரும் அழவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், பூமி வளைந்து கீழே போய்விடும், எந்த ஃபிலிமுக்கும் தெரியாது, இந்தப் பக்கத்துக் கடற்கரை தெரிந்தாலே பெரிது என்றார். இருப்பதோ கடைசிச் சுருள். அவர் அதை ஏப்ரலில் சீசன் ஆட்கள் வரும்போது பயன்படுத்தலாம் என்று வைத்திருந்தார்.

"நான் எடுக்கிறேன்னு சொல்லிட்டேங்க" என்றேன்.

சரி, போவோம் என்றார். அந்த மனுஷர் எப்போதும் அப்படித்தான்.

ஊருக்குத் தெற்கே, பள்ளத்தாக்கைப் பார்த்த மலை விளிம்பில் ஒரு நடைபாதை உண்டு. முதல் நாள் போனபோது மேகம் கீழிருந்து பொங்கி வந்து எங்கள் முகத்தில் அடித்தது. புழுதி மூட்டத்தைத்தான் அந்த ஃபிலிம் ஊடுருவும், மேகத்தை ஊடுருவாது. திரும்பிவிட்டோம். மறுநாளும் அப்படியே. அந்த அம்மா இரண்டு நாளும் அட்டுவம்பட்டியிலிருந்து இருட்டு பிரியும்போதே நடந்து வந்து, எங்களுடன் குளிரில் நின்றுவிட்டு, அப்படியே காட்டு வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் வானம் தெளிந்திருந்தது. அன்று புதுச் சேலை உடுத்தி, தலையில் பூ வைத்து வந்திருந்தார். யாரையோ பார்க்கப் போகிற மாதிரி இருந்தது.

எந்தப் பக்கம் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தென்கிழக்கைக் காட்டினார். அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்றார். கீழே வைகை அணைத் தண்ணீர் மங்கலாகத் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒரே புகைமூட்டம். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவை அசையாமல் வைத்து நிதானமாக எடுக்க வேண்டியிருந்தது. சுருள் முழுவதும் அந்த ஒரே திசைக்குத்தான்.

"அக்கா இந்நேரம் பெரட்டுக்குப் போயிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காலையில் கூலிக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயராம். கேட்டபோது சொன்னார்.

அன்றே கழுவினேன். படங்கள் நன்றாகவே வந்திருந்தன. மலைச்சரிவு வெள்ளையாக, அணைத் தண்ணீர் கறுப்பாக, அதற்கப்பால் வயலும் கண்மாயுமாக, வெறும் கண்ணுக்குத் தெரியாத எவ்வளவோ தூரம் தெரிந்தது. ஆனால் கடல் இல்லை. சிலோனும் இல்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும், தொடுவானத்தை ஒட்டி, மேடும் பள்ளமுமாக ஒரு வெளிறிய கோடு இருந்தது. தூரத்து மேகத் திரள்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் அந்தப் படத்தைத்தான் பிரிண்ட் போட்டேன். போடும்போது கைநிழல் காட்டி, மற்ற இடத்தை மறைத்து, அந்தக் கோட்டின் மேல் மட்டும் கூடுதலாக வெளிச்சம் விட்டேன். கோடு கறுத்து, தூரத்து மலைத்தொடர் மாதிரி எழுந்து நின்றது. காயப் போட்டிருந்ததை என் வீட்டுக்காரர் பார்த்தார். இது மேகம், உனக்கே தெரியும் என்றார். தெரியும், அவங்க சந்தோஷப்படட்டும் என்றேன்.

அந்த அம்மா வந்த அன்று என் வீட்டுக்காரர் ஏரிக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். படத்தைக் கொடுத்து, இதோ இந்தக் கோடு தெரியுதே, இதுதான் அந்தப் பக்கத்து மலையாக இருக்கும் என்றேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கடல் எங்கன கெடக்கு, தங்கச்சி?"

அது மூட்டத்தில் மறைந்திருக்கும் என்று ஏதோ உளறினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"மலையிலயே பொறந்து வளந்தவ நானு. எது மேகம், எது மலைன்னு தெரியாதா எனக்கு?"

கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அவர் கிட்டே வந்து என் தோளைத் தட்டினார். எனக்காகத்தானே செய்தாய், தெரியுது என்றார். பொய் சொன்னவளுக்கு ஆறுதல் சொன்னது, அந்தப் பொய்யைக் கேட்டவர். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. அக்கா இருக்கிற திக்குதானே, வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு துணியில் சுற்றினார்.

கிளம்பப் போனவர், சட்டத்தில் இருந்த பழனிப் படத்துக்கு முன்னால் மறுபடி நின்றார். இதில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா, அப்பா என்றேன். பார்த்து எத்தனை நாளாச்சு என்றார். மூன்று வருஷம் என்றேன். அப்பா வரக்கூடாது என்று சொன்னதையும், நான் போகாமல் இருப்பதையும் சொன்னேன். என் பக்கம் நியாயம் இருப்பது போலத்தான் சொல்லியிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, ரொம்ப சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அங்க போக பஸ்ஸு இல்லையா?"

இருக்கிறது, வத்தலக்குண்டில் ஒன்று, திண்டுக்கல்லில் ஒன்று, இரண்டு இடத்தில் மாற வேண்டும் என்றேன்.

அவர் இரண்டு இடம் என்பதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். படத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, வருகிறேன் தங்கச்சி என்று இறக்கத்தில் இறங்கிப் போனார்.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கடலும் சர்க்காரும் பிரஜைக் காகிதமும் குறுக்கே நிற்கிற ஒருத்தியின் முன்னால், என் வீம்பை ஒரு பெரிய தடை மாதிரி எடுத்து வைத்தேனே என்று கூசியது. அந்தப் படத்துக்கு முன்னால் நின்று ஊருக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொண்டதெல்லாம் எவ்வளவு பெரிய ஏமாற்று என்று புரிந்தது. நான் அந்த அம்மாவை ஏமாற்றப் பார்த்தது ஒரு நாள்தான். என்னை நானே ஏமாற்றியது வாரக்கணக்கில்.

அந்த வாரமே ஒருநாள் வெள்ளனே பஸ் ஏறிவிட்டேன். தனியாகத்தான் போனேன். பழனி போய்ச் சேரும்போது நல்ல வெயில். அப்பா கடையில் கிருத்திகைக் கூட்டத்துக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அடுத்த ஆளுக்குக் கட்டிக் கொடுத்தார். நான் ஒதுங்கி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் அப்பா என்னிடம் பேசவில்லை. அம்மா இருந்த பக்கம் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"அவள சாப்பிடச் சொல்லு. வெயில்ல வந்திருக்கா."

அதற்கு மேல் அன்று ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட்டேன், அம்மாவோடு ராத்திரி தங்கினேன், மறுநாள் கிளம்பினேன். அப்பா நேருக்கு நேர் என்னிடம் பேசியது அதற்கப்புறம் நான்காவது தடவை போனபோதுதான். என் வீட்டுக்காரர் கையில் வெடிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அம்மா எப்போதோ சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அவரையும் கூட்டிக்கொண்டு போக இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

பழனியிலிருந்து திரும்பியதும் அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அட்டுவம்பட்டிக்கு ஓடினேன். குடிசைகளில் பாதி காலி. காட்டு வேலை முடிந்துவிட்டது, பாச்சலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய்விட்டார்கள் என்றார் அங்கிருந்த ஒருவர். பாச்சலூரிலிருந்து யாராவது கடைக்கு வந்தால் விசாரிப்பேன். இரண்டு மூன்று வருஷம் விசாரித்தேன். பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. சிலோன்காரம்மா என்றால் எத்தனையோ பேர். அந்தக் குடும்பம் அங்கிருந்து நீலகிரிக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். அது அவர்கள்தானா என்பதும் நிச்சயமில்லை.

அப்பா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். அந்த ஒன்பது வருஷமும் அந்த அம்மா எனக்குக் கொடுத்தது. அவருக்கு அது தெரியாது. அவர் தன் அக்காவை மறுபடி ஒரு தடவையாவது பார்த்தாரா என்பது எனக்கும் தெரியாது. பார்த்திருக்க வேண்டும் என்கிற ஏக்கம் மட்டும், இத்தனை வருஷம் ஆகியும், என் சொந்த ஏக்கம் போலவே எனக்குள் இருக்கிறது.